விண்டோ ஏசி பொருத்துவது எப்படி? அளவெடுப்பதிலிருந்து ஓடவிட்டுப் பார்ப்பது வரை

ஸ்பிளிட் ஏசியைப் போல விண்டோ ஏசியில் செம்புக் குழாய் இழுக்க வேண்டியதில்லை, வாக்குவம் பம்ப் தேவையில்லை, கேஸ் திறந்துவிடும் வேலையும் இல்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே மாட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றரை டன் (இது குளிர்விக்கும் திறன், எடை அல்ல) பெட்டி ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். கம்ப்ரஸர் பின்பாதியில் இருப்பதால் கனமான பக்கம் சுவருக்கு வெளியேதான் தொங்கும். எடை, மின்சாரம், காற்று, தண்ணீர் ஆகிய நான்கையும் கவனித்தால் போதும். இதில் முக்கால்வாசி வேலை, அட்டைப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு வேலைகளை நீங்கள் தொடக்கூடாது. ஏசிக்கான தனி மின்லைன் இழுப்பதை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விடுங்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்க பால்கனியோ மொட்டைமாடியோ இல்லாத மாடி வீடு என்றால், பெட்டியைத் தாங்கும் வெளிப்பக்க இரும்பு ஆங்கிள் அடிப்பதை பெல்ட், கயிறு வைத்து வேலை செய்பவர்களிடம் விடுங்கள். ஜன்னலில் உட்கார்ந்து உடம்பை வெளியே நீட்டி டிரில் பிடிப்பது துணிச்சல் காட்டும் இடமில்லை.

படி 1: இடம் பார்ப்பது

120 சதுர அடி வரையுள்ள அறைக்கு 1 டன், 150 முதல் 180 சதுர அடிக்கு ஒன்றரை டன் என்பது பொதுக் கணக்கு. வெயில் நேராக விழும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே உள்ள அறை என்றால் ஒரு படி மேலே போங்கள்.

கடையில் கிடைக்கும் ஒன்றரை டன் மாடல்களில் பெரும்பாலானவை சுமார் 66 செ.மீ. அகலம், 43 செ.மீ. உயரம், 75 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான ஆழம். உங்கள் மாடலின் சரியான அளவு கையேட்டில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஏசியின் அடிப்பகுதி 75 செ.மீ. முதல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் காற்று அறை முழுக்கப் பரவும்.

பெட்டியின் பின்பாதியில் இரண்டு பக்கமும் மேலேயும் கீற்றுக் கீற்றாகத் துளைகள் இருக்கும். அறையின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸரைக் குளிரவைக்கும் வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது, சூடாகிப் பின்பக்கமாக வெளியேறுகிறது. அந்தத் துளைகள் ஒன்றுகூட சுவருக்குள் மறையக்கூடாது. 9 அங்குலச் சுவரில் பெரும்பாலும் சிக்கல் வராது. பழைய வீடுகளின் ஒன்றரை அடிச் சுவரில்தான் மாட்டிக்கொள்வோம். அங்கே கொத்தனாரை வைத்து, திறப்பின் வெளிப்பக்க ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கிக் காற்றுக்கு வழி விட வேண்டும்.

பின்னால் குறைந்தது 50 செ.மீ. வெட்டவெளி வேண்டும். அடுக்குமாடிகளில் குளியலறைக் குழாய்கள் இறங்கும் குறுகலான சந்து இருக்கும் அல்லவா, அந்தப் பக்கம் ஏசியைத் திருப்பவே வேண்டாம். விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு கம்ப்ரஸர் அடிக்கடி நின்றுவிடும். கண்ணாடி போட்டு மூடிய பால்கனிக்கும் இதே கதிதான். மேற்குச் சுவரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். மேலே சன்ஷேடு இருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் நல்லது, பெட்டியின் மேல்துளைகளை அது அடைக்காதவரை.

கூடியவரை இருக்கிற ஜன்னலையே பயன்படுத்துங்கள். சுவரை உடைப்பதாக இருந்தால் பில்லர், பீம், லின்டல் எதையும் தொடக்கூடாது. புதுத் திறப்புக்கு மேலே தனியாக ஒரு சின்ன லின்டல் போட்டே ஆக வேண்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் சம்மதமும் தேவை.

படி 2: மின்சாரம்

ஏசி விபத்துகளில் மோசமானவை இங்கிருந்துதான் வருகின்றன, எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒன்றரை டன் ஏசி ஓடும்போது சுமார் 7 முதல் 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண மாடலில் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து ஏசிக்கு மட்டும் தனி லைன் வேண்டும். செம்பு ஒயர், 4 சதுர மி.மீ. தடிமன். எர்த் ஒயரையும் அதே தடிமனில் போட்டுவிட்டால் வாதமே இல்லை. நடுவில் ஜாயின்ட் கூடாது. போர்டில் 20 ஆம்ப் 'சி' வகை எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). 'பி' வகை போட்டால் கம்ப்ரஸர் கிளம்பும் வேகத்துக்கே விழுந்துவிடும். அடிக்கடி விழுகிறதே என்று 32 ஆம்ப் மாற்றிவிடுவதும் நடக்கிறது. எம்சிபி இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அதைப் பெரிதாக்கினால் ஒயர் உருகிய பிறகும் அது விழாது.

ஏசி அருகில் 16 ஆம்ப் மூன்று பின் சாக்கெட், அல்லது எம்சிபியோடு வரும் தகர ஏசி பாக்ஸ் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சிறிய ப்ளக்கை மாற்றித் தரும் அடாப்டர் எதுவும் வேண்டாம். கருகிய ப்ளக்குகளுக்குப் பெரும்பாலும் காரணம் தளர்ந்த திருகும் இந்த அடாப்டரும்தான்.

எர்த்தைச் சோதிக்காமல் ஏசியைச் செருகாதீர்கள். ஒயர்மேன் வேலை முடித்ததும் மல்டிமீட்டரால் சாக்கெட்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அருகில் வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டைத் தாண்டக்கூடாது. இரண்டாவது அளவு மிகவும் குறைந்தால் எர்த் பலவீனம். கடைசி அளவு, ஏசி ஓடும்போதும் அசையாமல் பூஜ்யம் காட்டினால் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, நியூட்ரலையே எர்த் பின்னோடு துண்டு ஒயரால் இணைத்துவிடுபவர்கள் உண்டு. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஏசியின் தகரம் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்த வேலையோடு அதையும் போட்டுவிடுங்கள். உங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் ஒன்றரை டன்னுக்கு 4 கேவிஏ ஸ்டெபிலைசர். ஏசி எந்த வோல்ட் வரை தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்பதையும் மின்வாரிய ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: சட்டமும் ஆங்கிளும்

ஜன்னல் கிரில்லில் ஏசி அளவுக்கு மட்டும் கம்பியை வெட்டி, ஓரங்களில் திரும்ப வெல்டிங் வைக்க வேண்டும். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலோ யுபிவிசி ஜன்னலோ எடையைத் தாங்காது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டுச் சுவரோடு பிடிக்கிற சட்டம் போடுங்கள்.

சட்டத்துக்கு நல்ல காய்ந்த மரம் அல்லது இரும்பு ஆங்கிள். உள் அளவு, ஏசியின் வெளித் தகரக் கூட்டைவிட அகலத்திலும் உயரத்திலும் 1 செ.மீ. கூடுதல் இருந்தால் போதும். வெளியே எடை தாங்க முக்கோண வடிவில் இரண்டு தாங்கிகள், 40 மி.மீ. அகலம் 5 மி.மீ. தடிமனுள்ள எல் ஆங்கிளில் வெல்டரிடம் செய்துகொள்ளலாம். தாங்கியின் நீளம், பெட்டி வெளியே நீட்டும் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக்கூடாது. சுவரில் பிடிக்க 10 மி.மீ. ஆங்கர் போல்ட், ஒவ்வொரு தாங்கிக்கும் குறைந்தது மூன்று. போல்ட் செங்கல்லின் உடம்பில் இறங்க வேண்டும். வெறும் பூச்சிலோ இரண்டு செங்கல்லுக்கு நடுவேயுள்ள கலவையிலோ இறங்கினால் பிடிக்காது. ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட்டை நம்பாதீர்கள். சுவருக்கு மறுபக்கம் தகடு கொடுத்து முழுநீள போல்ட்டால் இறுக்குங்கள்.

மாட்டும் முன் ஆங்கிளுக்கு ரெட் ஆக்ஸைடும் மேலே இனாமலும் அடியுங்கள். கடற்கரை ஊர்களில் கால்வனைஸ் செய்த இரும்பே மேல்.

படி 4: வெறும் கூட்டை வைத்துச் சரிவு பார்ப்பது

பெரும்பாலான மாடல்களில் முன்முகப்பைக் கழற்றி, பூட்டுத் திருகுகளை எடுத்தால் உள்ளே இருக்கும் சேஸிஸ் (கம்ப்ரஸர், விசிறி எல்லாம் பொருத்திய அடித்தட்டு) முழுவதும் முன்பக்கமாக உருவிக்கொண்டு வரும். முதலில் வெறும் தகரக் கூட்டைச் சட்டத்துக்குள் வைத்து வேலை பாருங்கள். எடை குறைவு, தவறினாலும் சேதம் குறைவு. உருவ முடியாத சிறிய மாடலாக இருந்தால் முழுப் பெட்டியையும் ஏற்ற வேண்டும், அதற்கு மூன்று பேர் வேண்டும்.

கூடு உள்ளிருந்து வெளியே லேசாகச் சரிய வேண்டும். 60 செ.மீ. நீளமுள்ள ரசமட்டத்தைக் கூட்டின் அடித்தகட்டில் முன்பின்னாக வைத்து, வெளிமுனைக்கு அடியில் 5 மி.மீ. தகடு ஒன்றைச் செருகுங்கள். குமிழ் நடுவில் நின்றால் சரிவு சரி. இடவலமாக வைத்துப் பார்க்கும்போது தகடு இல்லாமலே குமிழ் நடுவில் நிற்க வேண்டும்.

சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் உங்கள் கட்டிலில் சொட்டும். அதற்காக ஒரு அங்குலம் சாய்த்துவிடுவதும் பிழைதான். பல மாடல்களில் பின்விசிறியின் வெளி விளிம்பில் ஒரு வளையம் இருக்கிறது. அது அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரி, சூடான கண்டென்ஸர் மேல் வீசும், குளிர்ச்சி கூடும். அளவுக்கு மீறிச் சாய்த்தால் தண்ணீர் மொத்தமும் ஓடிவிடும், வளையத்துக்கு எதுவும் கிடைக்காது. உள்ளே சளசளவென்று தண்ணீர் அடிபடும் சத்தமும் இந்த வளையத்தால் வருவதுதான், பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

சரிவு அமைந்ததும் கூட்டைச் சட்டத்தோடு திருகிப் பூட்டுங்கள். கூட்டின் அடியில், தாங்கி தொடும் இடத்தில் ரப்பர் பட்டை வைத்தால் அதிர்வுச் சத்தம் அடங்கும். எங்கே திருகு போடுவது என்று கையேடு சொல்லும் துளைகளைத் தவிர வேறு இடத்தில் டிரில் வைக்காதீர்கள். டிரில் குழாயில் பட்டால் கேஸ் கசியும். இப்போது வரும் ஏசிகள் பலவற்றில் ஆர்32 என்ற குளிரூட்டும் வாயு இருக்கிறது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது.

படி 5: சேஸிஸை ஏற்றுவது

கீழே ஆள் நடமாட்டம் இல்லாதபடி ஒருவரை நிறுத்துங்கள். ப்ளக் செருகியிருக்கக் கூடாது. இரண்டு பேர் அடித்தட்டைப் பிடித்துத் தூக்கி, கூட்டின் தடத்தில் நேராக வைத்து மெதுவாகத் தள்ள வேண்டும். செம்புக் குழாயைப் பிடித்துத் தூக்கினால் கேஸ் கசியும். அலுமினியத் தகடுகள் கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள். பெட்டி வண்டியில் படுத்த நிலையில் வந்திருந்தால் ஓட்டுவதற்கு முன் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள், கம்ப்ரஸர் எண்ணெய் இறங்கட்டும். போக்குவரத்துக்காக வைத்த தெர்மாகோல், அட்டை, கட்டை எதுவும் உள்ளே தங்கிவிடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முகப்பை மாட்டி, பின்பக்கத் தண்ணீர்த் துளையில் குழாய் செருகி, பக்கத்து வீட்டு ஜன்னல் மேல் சொட்டாத இடத்துக்குக் கொண்டு போங்கள். குழாய் வழியில் எங்கும் மேலே ஏறக்கூடாது.

படி 6: சந்துகளை அடைப்பது

கூட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஃபோம் பட்டை, வெளிவிளிம்பில் சிலிகான். ஜன்னலின் மீதிப் பகுதிக்கு கண்ணாடி அல்லது பிளைவுட். சிமெண்ட் வைத்துப் பூசிவிடாதீர்கள், சர்வீசுக்குக் கழற்றும்போது சுவர்தான் பெயரும். மழைக்குப் பயந்து பின்பக்கம் பிளாஸ்டிக் கவர் போட்டு ஓட்டுவதும் வேண்டாம். புறாத் தொல்லை இருந்தால் பெரிய கண்ணுள்ள வலை போதும்.

படி 7: ஓடவிட்டுப் பார்ப்பது

முதலில் விசிறி மட்டும் 5 நிமிடம். உரசல் சத்தம் இல்லையென்றால் கூல் நிலைக்கு மாற்றி 24 டிகிரியில் வையுங்கள். அணைத்து உடனே போடாதீர்கள், குழாய்களுக்குள் அழுத்தம் சமமாக மூன்று நிமிடம் வேண்டும். புதிய காற்று விடும் நெம்புகோல் இருந்தால் அது மூடியிருக்கட்டும். பதினைந்து நிமிடம் கழித்து, ஏசி இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் நன்றாக வேலை செய்கிறது. அரை மணி ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் சரியில்லை.

போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டாம். பல வீடுகளில் காரணம், ஏசி லைனின் நியூட்ரல் வேறொரு லைனோடு கலந்திருப்பதுதான். அதைப் பிரித்த பிறகும் விழுந்தால் ஏசிக்குள் கசிவு, சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்து நீங்கள் கை வைக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒரு வாரம் ஓடிய பிறகு, அதிர்வில் தளர்ந்திருக்கக்கூடிய ஆங்கர் போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், ரசமட்டத்தையும் இன்னொரு முறை வையுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். தாங்கிகளை ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பார்த்து, துரு கிளம்பிய இடத்தைச் சுரண்டி பெயின்ட் வைத்துவிடுங்கள்.