நண்பர்களோடு பாலைவனத்தில் ஒரு ராத்திரி: முதல்முறை போகிறவர்களுக்கு

பிறந்தநாளோ, பழைய நண்பர்கள் கூடுகிற நாளோ, பாலைவனத்தில் கொண்டாட ஆசையா? தாராளமாகக் கிளம்புங்கள். முதல்முறைக்கு ஒரு ராத்திரி தங்கினால் போதும்.

முதலில் நாள் குறியுங்கள். குளிர்காலம்தான் சரி. பௌர்ணமியன்று விளக்கில்லாமலே மணல்மேட்டில் நடக்கலாம். அமாவாசையன்று வானம் முழுக்க நட்சத்திரம். நான் எப்போதும் அமாவாசைப் பக்கம்தான்.

அடுத்தது தண்ணீர். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர், சமையலுக்குத் தனி. திரும்புவது தாமதமானால் வேண்டுமே, அதனால் இன்னொரு நாளுக்கும் சேர்த்து எடுங்கள். ஒரே கேனில் வேண்டாம், பிரித்து வையுங்கள். அங்கே வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் அடிக்கடி குடியுங்கள்.

இரண்டு வண்டிகளாகப் போங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மணல் தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 18 அளவுக்கு இறக்குங்கள். டயர் ஒட்டகத்தின் பாதம் மாதிரி அகலமாகப் பரவி, புதையாமல் போகும். அப்படியும் சக்கரம் சுழன்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது. மிதிக்க மிதிக்கப் புதையும். இறங்கி, சக்கரத்தைச் சுற்றி மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றடிக்க பம்ப் கட்டாயம் வேண்டும்.

பொழுது சாய 2 மணி நேரம் முன்பே கூடாரம் போடுங்கள். வறண்ட ஆற்றுப்படுகை வேண்டாம். எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும். மணலில் ஆணி நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, வாயைக் கூடாரத்தின் கயிற்றால் கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். இழுத்துப் பாருங்கள், அசையாது.

வெயில் தணிந்ததும் மணல் சறுக்கு. பலகையின் அடியில் மெழுகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். கேக்கை டப்பாவிலிருந்து எடுக்காமலே வெட்டுங்கள், இல்லையென்றால் வாயெல்லாம் மணல். பலூன், ஜிகினா வேண்டவே வேண்டாம். காற்று பறித்துக்கொண்டு போனால் பொறுக்கி எடுக்க முடியாது.

நெருப்புக்கு விறகு கொண்டுபோங்கள், அங்குள்ள செடிகளை ஒடிக்காதீர்கள். தணலை மணல் போட்டு மூடுகிறார்களே, அது பெரிய ஆபத்து. மேலே ஒன்றும் தெரியாது, அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு ஒருவர் மிதித்தால் போதும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சூடு அடங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகவேண்டும்.

ராத்திரி நன்றாகக் குளிரும். போர்வையை விடக் கீழே விரிக்கும் பாய் முக்கியம். ஒதுங்கப் போகிறவர் டார்ச்சோடு போகட்டும். திரும்பிவர அடையாளமாகக் கூடாரத்தில் ஒரு விளக்கு தொங்கட்டும், இருட்டில் எல்லா மேடும் ஒரே மாதிரிதான். புற ஊதா டார்ச் இருந்தால் தேள் பச்சையாக ஒளிர்வதைப் பார்க்கலாம்.

காலையில் ஷூவைத் தட்டி உதறிவிட்டு மாட்டுங்கள். விடியும் முன்பே மேட்டில் ஏறுங்கள். ராத்திரி வண்டுகள் நடந்த தடம் தையல் போட்டதுபோல மணலில் ஓடியிருக்கும். காற்று கிளம்பினால் அழிந்துவிடும்.