வயதான நாய்க்குச் சாப்பாடு: சோற்றைக் குறையுங்கள், மச்சத்தை அல்ல

7, 8 வயது தாண்டினால் நாயின் ஓட்டம் குறையும். சாப்பாடும் கொஞ்சம் குறையத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வீடுகளில் முதலில் குறைவது மீனும் இறைச்சியும். மிஞ்சிய சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து வைத்தால் வயிறு நிரம்பும், பின்தொடைத் தசை கரைந்துபோகும். கிழட்டு நாய்க்கு இறைச்சி கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகும் என்பது பிழையான கதை. சிறுநீரக நோய் இரத்தப் பரிசோதனையில் தெரிந்த நாய்க்குத்தான் புரதத்தை மட்டுப்படுத்துவது, அதுவும் மிருக வைத்தியர் சொல்லும் அளவில்.

10 கிலோ ஊர் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி போதும். எலும்பில்லாத அவித்த கோழி 150 கிராம், குழைந்த சோறு 150 கிராம், அவித்த பூசணி அல்லது கரட் 50 கிராம், நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. கோழிக்குப் பதில் சூடை மீனும் அவிக்கலாம். சதையை விரலால் நசித்துப் பார்த்து முள்ளை எடுங்கள். இறைச்சியில் கல்சியம் போதாது. முட்டைக்கோதைக் காயவைத்து மாவாக இடித்து, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகத் தூவுங்கள். மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடுதான் என்றால் விற்றமின், தாதுச் சத்து மருந்தையும் வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

குழம்பு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் சிவப்பணுக்களை உடைக்கும். துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாலும் சாறு சோற்றில் ஊறியிருக்கும். வெந்த எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும்.

இரண்டு நேரமாகப் பிரித்து, இளஞ்சூட்டோடு வையுங்கள். மோப்பம் மங்கிய நாய் ஆறின சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். ஒரு பக்கத்தால் மட்டும் மென்றாலோ, வாயிலிருந்து சாப்பாடு விழுந்தாலோ பல்லைப் பாருங்கள். வழுக்கும் சீமெந்து நிலத்தில் காலுக்குக் கீழே ஒரு சாக்கு விரியுங்கள்.

மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழியுங்கள். நிறை இறங்கி, தண்ணீரும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடித்தால் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் சமைக்காத வீடுகளில் நாயும் பருப்புச் சோற்றோடு விரதம் இருக்கும். இளம் நாய் தாங்கும், கிழடு தாங்காது. வயதான நாய்களுக்கான உலர் தீனி 4 கிலோ முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பிருந்தே வழமைச் சாப்பாட்டில் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். பிறகு நாளுக்கு 150 கிராம், வெந்நீரில் கால் மணித்தியாலம் ஊறவைத்து. திருவிழா முடிந்து முதல் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சும் நாளில் கொழுப்பை அள்ளி நாய்க்கு வைத்துவிடாதீர்கள். கணையம் அழன்று வாந்தியும் வயிற்று நோவுமாகச் சுருண்டுவிடும்.