டேப் ஆட்டோலோடர்: கட்டளை வரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கப் டேப்களைத் தானே மாற்றிப் போடும் கருவிதான் ஆட்டோலோடர். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே பெட்டிதான். யூனிக்ஸுக்கோ அது இரண்டு கருவி: டேப்பை எடுத்து வைக்கும் ரோபோ ஒன்று, எழுதிப் படிக்கும் டிரைவ் இன்னொன்று. லினக்ஸில் ரோபோவுக்கு எம்டிஎக்ஸ் கட்டளை, டிரைவுக்கு எம்டி. ஃப்ரீபிஎஸ்டியில் ரோபோவை இயக்குவது சிஎச்ஐஓ. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

இருப்பதிலேயே மோசமான தவறு டிரைவின் பக்கம். எஸ்டி0, என்எஸ்டி0 இரண்டும் ஒரே டிரைவின் பெயர்கள். எஸ்டி0 வழியாக எழுதினால், வேலை முடிந்ததும் டேப் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். ஸ்கிரிப்டில் அடுத்தடுத்து இரண்டு டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் கட்டளை) ஓடினால், இரண்டாவது முதலாவதன் மேலேயே எழுதும். பிழைச் செய்தி எதுவும் வராது. ரீஸ்டோர் செய்யப் போகும் அன்றுதான் தெரியும். அப்போது மீட்கவும் வழியில்லை. எல்டிஓ வகை டேப்பில் கடைசியாக எழுதியது எங்கே முடிந்ததோ அங்கேதான் தரவின் முடிவு. அதைத் தாண்டி டிரைவ் போகாது. ஆகவே என்எஸ்டி0 என்றே பழகுங்கள் (ஃப்ரீபிஎஸ்டியில் என்எஸ்ஏ0). அதுவும் போதாது. புதிதாக ஏற்றிய டேப் ஆரம்பத்தில்தான் நிற்கும். பழையதற்குப் பின்னால் சேர்க்க வேண்டுமானால், முதலில் எம்டியின் 'இஓடி' கட்டளையைக் கொடுத்துத் தரவின் முடிவுக்குப் போக வேண்டும்.

டேப்பை டிரைவில் ஏற்றும் எம்டிஎக்ஸின் 'லோட்' கட்டளை முடிந்துவிட்டது என்றால் ரோபோவின் வேலை முடிந்தது என்று மட்டுமே பொருள். டிரைவ் டேப்பை உள்ளே இழுத்துத் தயாராக இன்னும் நேரம் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு 'ஸ்லீப்' போடுவதைவிட, எம்டி ஸ்டேட்டஸில் 'ஆன்லைன்' என்று வரும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்பது நல்லது. இறக்கும்போதும் இதே கதைதான்: சில கருவிகளில் எம்டி ஆஃப்லைன் கொடுத்து டிரைவ் டேப்பை வெளியே தள்ளினால்தான் ரோபோவால் எடுக்க முடியும்.

எண்களிலும் கவனம் தேவை. எம்டிஎக்ஸில் ஸ்லாட் (டேப் வைக்கும் அறை) 1-இலிருந்தும் டிரைவ் 0-இலிருந்தும் தொடங்கும். 'லோட் 3 0' என்றால் மூன்றாம் ஸ்லாட், முதல் டிரைவ். சிஎச்ஐஓவில் ஸ்லாட்டும் 0-இலிருந்துதான். ஸ்கிரிப்டை அப்படியே அங்கே கொண்டுபோனால் பக்கத்து டேப் ஏறிவிடும்.

ரோபோவின் எஸ்ஜி3 போன்ற பெயரை ஸ்கிரிப்டில் பதித்துவிடாதீர்கள். ரீபூட்டுக்குப் பின் அந்த எண் வேறு கருவிக்குப் போகலாம். டெவ் டைரக்டரியில் டேப் என்பதன் கீழ் 'பை-ஐடி'யில் இருக்கும் நிலையான பெயரே பத்திரம்.

கடைசியாக, கிளீனிங் டேப். டிரைவைச் சுத்தம் செய்ய, குறிப்பிட்ட சில தவணைகள் மட்டுமே பயன்படும் டேப் இது. எம்டிஎக்ஸின் 'நெக்ஸ்ட்' கட்டளை அடுத்த ஸ்லாட்டில் இருப்பது எதுவானாலும் ஏற்றும். கிளீனிங் டேப் அங்கே இருந்தால் அதன் ஒரு தவணை வீணாகும், பேக்கப்பும் நிற்கும். எம்டிஎக்ஸ் ஸ்டேட்டஸில் 'வால்யூம்டேக்' என்ற இடத்தில் பார்கோடு தெரியும். கிளீனிங் டேப்பின் பார்கோடு வழக்கமாக 'சிஎல்என்' என்று தொடங்கும். ஸ்லாட் எண்ணை நம்பாமல் பார்கோடைத் தேடி ஏற்றும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். யாராவது டேப்களை இடம் மாற்றி வைத்திருந்தாலும் தவறான டேப்பில் எழுத்து விழாது.