மெட்-பீட்ஸ் பயிற்சி இடம் தேடுவோர் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் பொது மருத்துவத்தையும் குழந்தை மருத்துவத்தையும் சேர்த்துப் பயிலும் மெட்-பீட்ஸ் ரெசிடென்சி (மருத்துவப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) 4 ஆண்டுகள். ஒவ்வொரு துறைக்கும் 24 மாதங்கள். முடித்தவர் இரு துறைகளிலும் சிறப்பு மருத்துவர் சான்றிதழுக்கான வாரியத் தேர்வுகளை எழுதலாம். இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆகவே மருத்துவமனையின் பெயரை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள்.

நேர்காணலில் முதலில் வெளிநோயாளர் கிளினிக்கைப் பற்றிக் கேளுங்கள். தாத்தாவின் சர்க்கரை நோயையும் பேத்தியின் தடுப்பூசியையும் ஒரே கூரையின்கீழ், இரு துறையும் தேர்ந்த மருத்துவரின் மேற்பார்வையில் கவனிக்க முடியுமா? அல்லது பெரியவர்களுக்கு ஓரிடம், குழந்தைகளுக்கு வேறிடமா? நான்கு ஆண்டுகளும் நீங்கள் திரும்பத் திரும்பப் போகப்போகும் இடம் அது. நான் என்றால் இதற்கே பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

பிறவி இதயக் குறையுடனோ சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுடனோ (நுரையீரலைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்) வளர்ந்து பெரியவர்களான நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். இந்தப் படிப்பின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

துறை மாறுவது 3 மாதத்துக்கு ஒரு முறையா, 4 மாதத்துக்கா? மாறிய முதல் வாரத்தில் யார் கைகொடுக்கிறார்கள்? இதை இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.