மனை விற்பவர் பேச்சைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியம் பிரியாணி, வழியெல்லாம் பேச்சு. மனை காட்டக் கூட்டிப்போகிறவர்கள் அளவுக்கு வாதத்தில் தேர்ந்தவர்கள் குறைவு. அடுத்தவர் நம்மை எப்படி இணங்கவைக்கிறார் என்று கற்க அந்த வேன் நல்ல வகுப்பறை. பேனாவும் தாளும் போதும்.

படி 1: சொன்னதை அப்படியே எழுதுங்கள்

சுருக்க வேண்டாம், அவர் வாயில் வந்தபடியே இருக்கட்டும்.

“பக்கத்துலயே பைபாஸ் வருது சார். ஓஎம்ஆர்ல அன்னைக்கு வாங்கிப் போட்டவங்க இன்னைக்கு எங்கேயோ போயிட்டாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு இது ஒண்ணு போதும். கார்னர் மனை ரெண்டுதான் பாக்கி.”

படி 2: மூன்று கூறு தேடுங்கள்

மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும்போது ஒரு உதாரணம் வரும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய முடிவு. ஏனென்றால் புகை தெரிகிறது: இது ஏது, அதாவது காரணம். அடுக்களையில் பார்த்திருக்கிறோமே: இது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு.

நம் தாளில் பைபாஸ்தான் ஏது. ஓஎம்ஆர், அதாவது சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை, திட்டாந்தம். பக்கம் எங்கே? ‘இந்த மனை விலை ஏறும்’ என்று அவர் சொல்லவே இல்லை! அதை நாமே மனசுக்குள் சொல்லிக்கொண்டோம். நாமே கண்டுபிடித்த முடிவாகத் தோன்றுவதால் அதைச் சந்தேகிக்கவும் மனம் வராது. விடுபட்ட அந்த வரியை உங்கள் கையால் எழுதுங்கள். என்னைக் கேட்டால், மற்ற படிகளை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

படி 3: திட்டாந்தத்தை உலுக்குங்கள்

ஓஎம்ஆரில் விலை ஏறியது உண்மை. ஆனால் அங்கே சாலை மட்டுமா இருந்தது? 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. தெற்கே சிறுசேரியில் சிப்காட் ஐடி பூங்கா வந்தது. அங்கே வேலைக்கு வந்தவர்கள் பக்கத்திலேயே வீடு தேடினார்கள். நீங்கள் பார்க்கும் மனைக்குப் பக்கத்தில் வேலை தரும் இடம் என்ன இருக்கிறது?

எதிர் உதாரணமும் தேடுங்கள். நாற்கரச் சாலையை ஒட்டியே, கல் நட்டு, வளைவு கட்டி, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் லேஅவுட்டுகளைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். சாலை இருந்தும் வீடு வரவில்லை என்றால் அந்த ஏது தனியாக நிற்காது.

படி 4: மிச்சத்தை ஓரம் வையுங்கள்

பொண்ணு கல்யாணம் பாசத்தைத் தொடுகிறது. ‘ரெண்டுதான் பாக்கி’ அவசரப்படுத்துகிறது. பிரியாணி நம்மைக் கடன்பட்டவராக்குகிறது. இவற்றில் எதுவுமே மனையைப் பற்றிய தகவல் அல்ல. பிரியாணியைச் சாப்பிடலாம், தப்பில்லை.

படி 5: சரிபார்க்கக்கூடிய கேள்வி கேளுங்கள்

“ரெரா பதிவு எண் என்ன?” ரெரா என்பது மனை, வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஆணையம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு தேவைப்படும் திட்டத்தின் விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. ‘டோக்கன் போட்டு வைங்க சார்’ என்னும்போது இது நினைவிருக்கட்டும்.

“அதெல்லாம் பக்கா சார்” என்பது பதில் ஆகாது. எண் கிடைத்தால் தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடி, சர்வே எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். அவர் நீட்டும் நகலை நம்பி உட்கார வேண்டியதில்லை.