தெருவோரத்தில் அன்னம் பரிமாறப் போகிறீர்களா? முதன்முறை வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிறந்தநாளோ பெற்றோரின் திதியோ வந்தால் அன்னதானத்துக்குப் பணம் கட்டுவது நம்மிடையே வழக்கம். அந்தப் பணத்தில்தான் பல அடுப்புகள் எரிகின்றன. அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். கரண்டியைத் தாமே பிடித்து, நடைபாதையிலும் ரயில் நிலைய வாசலிலும் கோயில் மதிலோரத்திலும் வீடின்றி இருப்பவர்களுக்குப் பரிமாற வேண்டும், அதை வழிபாடாகவே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பின்பற்றுவது வள்ளலார் காட்டிய வழி. 1867 மே 23ஆம் தேதி வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையை அவர் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியதோ 1872 ஜனவரியில். முதலில் சோறு, அதன் பிறகே சபை. எது முதன்மை என்று அவர் கருதினார் என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

பசித்து வந்தவரிடம் ஊர், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த நெறி. முதல் மூன்றையும் நம்மில் பலர் கடைப்பிடித்துவிடுவோம். நான்காவதுதான் கடினம். அதைப் பழகுவதற்காகத்தான் தெருவுக்குப் போகிறோம் என்பது என் எண்ணம்.

படி 1: நடந்துகொண்டிருக்கும் அடுப்படியில் சேருங்கள்

எடுத்த எடுப்பில் தனியாக அண்டா வாங்கி இறங்க வேண்டாம். பல ஊர்களில் வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்க சங்கங்கள் இருக்கின்றன. சென்னை தியாகராய நகரில் உள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவில் லங்கர் என்னும் பொது அன்னதானம் நடக்கிறது. கோயில் அன்னதானக் கூடங்களிலும் கை தேவைப்படும். சில வாரங்கள் அங்கே போய்க் காய் நறுக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள். பரிமாறும் வேலையைக் கேட்டு வாங்காதீர்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு, எப்போது உலை வைப்பது, எப்போது இறக்குவது என்பதெல்லாம் அடுப்படியில் நின்றால் தானாகப் புரியும்.

படி 2: இடத்தையும் கிழமையையும் தேர்ந்தெடுங்கள்

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பொட்டலங்கள் குவியும். தைப்பூசத்திலும் தீபாவளியிலும் ஒருவர் கையில் நான்கு பொட்டலம் இருக்கும். செவ்வாய், புதன் பிற்பகலில் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். யாரும் வராத நாள் எது, வேளை எது என்று அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள். பெரியவர் ஒருவரோ பூ விற்கும் அம்மாவோ சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த நாள்தான் உங்கள் நாள்.

படி 3: என்ன சமைப்பது, எவ்வளவு

அங்கேயே உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள் என்றால் சாம்பார் சாதம் நல்லது. ஐம்பது பேருக்கு நான்கு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, இரண்டு, மூன்று கிலோ காய் என்று தொடங்குங்கள். குழைய வேக வைக்க வேண்டும். பல் இல்லாத முதியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். முருங்கைக்காய் மணமாக இருக்கும், ஆனால் சக்கையைத் துப்ப இடமில்லாமல் தவிப்பார்கள். பூசணி, பரங்கி, கேரட் போதும். காரத்தைக் குறையுங்கள். வெறும் வயிற்றில் விழும் சோறு அது.

எழும்பூர்ப் பக்கத்து நடைபாதையில் நான் பார்த்தது: ஒரு பாட்டி தட்டை வாங்கியதும் தூக்குவாளியைத் திறந்தார். பாதிச் சோற்றை அதில் போட்டு, விரலால் அமுக்கி, மூடி, துணிமூட்டைக்குப் பின்னால் வைத்தார். மீதியைத்தான் சாப்பிட்டார். ராத்திரிக்கு அது. சித்திரை வெயிலில் அந்தச் சாம்பார் சாதம் ராத்திரிக்குள் ஊசிப்போய்விடும். "அம்மா, எடுத்து வைக்காதீர்கள்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ராத்திரிக்கு என்று இரண்டு வாழைப்பழமும் ஒரு ரஸ்க் பொட்டலமும் சேர்த்துக் கொடுத்தால் சோற்றை அங்கேயே வயிறாரச் சாப்பிடுவார்கள். பொட்டலமாகத்தான் கொடுக்க முடியும் என்றால் நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை செய்யுங்கள். சாம்பார் சாதத்தைவிட அது தாங்கும்.

படி 4: சூட்டைக் காப்பாற்றுங்கள்

இதில் சமரசம் கிடையாது. சோற்றில் வேகவைத்தாலும் அழியாத ஒரு வகை நுண்ணுயிர் வித்துகள் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் இலையில் விழுந்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் நமக்கு வீட்டில் கழிப்பறை இருக்கிறது. நடைபாதையில் படுத்திருப்பவருக்கு இல்லை.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதைக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். எப்போது சமைத்தது என்று உறுதியாகத் தெரிந்தால், நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, உடனே கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் கொடுக்கவே கூடாது.

தட்டுக்குத் தையல் இலையோ பாக்குமட்டையோ போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

படி 5: பரிமாறும் முறை

முடிந்தவரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, நீங்கள் போய்ப் பரிமாறுங்கள். கை கழுவத் தண்ணீர் முதலில், சோறு பிறகு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்படித்தானே செய்வோம். "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுங்கள். இலைக்கு நேராகக் குனிந்து போடுங்கள், நின்ற இடத்திலிருந்து கொட்டாதீர்கள். "போதுமா?" என்று கேட்காமல் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கூச்சத்தில் "போதும்" என்றுதான் பதில் வரும்.

தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம், அவருக்கான பங்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். படம் எடுக்காதீர்கள், நன்கொடையாளர் கேட்டாலும் எடுக்காதீர்கள். அண்டாவைக் காட்டுங்கள், காய் நறுக்குவதைக் காட்டுங்கள், முகங்களைக் காட்டாதீர்கள்.

அடுப்படியில் "அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி" என்று மகாமந்திரம் சொல்லியபடி சமைப்பது சன்மார்க்க வழக்கம், மனம் ஒருமைப்பட அது உதவும். ஆனால் பசித்தவர்களை உட்கார வைத்துப் பாட்டும் சொற்பொழிவும் கேட்கச் செய்வதை நான் ஏற்கவே மாட்டேன். உங்கள் வழிபாடு இலை போடுவதற்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

உடல் இடம் கொடுத்தால் அன்று பரிமாறி முடிக்கும்வரை நீங்களும் சாப்பிடாமல் இருந்து பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. கடைசியில் அவர்களோடு உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுங்கள்.

படி 6: நான்காவது விதி, நடத்தையை விசாரிக்காமை

குடித்துவிட்டு ஒருவர் வருவார். ஏற்கெனவே வாங்கியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் வருவார். திடகாத்திரமான இளைஞர் ஒருவர் உட்காருவார். "உழைத்துச் சாப்பிட்டால் என்ன?" என்ற சொல் நாக்கு நுனிவரை வரும். மனப் பயிற்சி தொடங்கும் இடம் இதுதான். அந்தச் சொல்லை விழுங்குங்கள். பசி ஒன்றே தகுதி, அதை நிறுத்துப் பார்க்கும் தராசு நம் கையில் இல்லை.

குடித்தவரைக் கொதிக்கும் அண்டாவிலிருந்து தள்ளி உட்கார வைத்து முதலிலேயே பரிமாறிவிடுங்கள். அவருக்கும் பாதுகாப்பு, மற்றவர்களுக்கும் நிம்மதி. இரண்டாம் முறை வந்தவருக்குப் போடுங்கள், பாதிப் பேருக்கு அது குழந்தைக்கோ நடக்க முடியாத துணைக்கோ ஆகும். அண்டா காலியாகும் நிலை என்றால் மட்டும், "எல்லோரும் ஒருமுறை வாங்கட்டும், பிறகு தருகிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனதுக்குள் கோபம் எழுந்தால் கரண்டியைத் தோழரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போங்கள். கோபத்தோடு போட்ட சோறு சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துவிடும்.

படி 7: சோற்றுக்கு அப்பால்

உங்கள் கைப்பேசியில் சில எண்கள் இருக்கட்டும்: ஆம்புலன்ஸ் 108, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மனநல உதவிக்கு 14416. சென்னை மாநகராட்சி வீடற்றோர் காப்பகங்களை நடத்துகிறது. இருப்பவரின் விருப்பம் கேட்காமல் யாரையும் அங்கே அனுப்ப முயலாதீர்கள்.

முடிந்ததும் இலைகளைப் பொறுக்கி, சிந்தியதைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். குப்பை கிடந்தால் கடைக்காரர்கள் நம்மிடம் சண்டைக்கு வரமாட்டார்கள், அங்கே படுப்பவர்களைத்தான் விரட்டுவார்கள். அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வர முடியாமல் போனால் முதல் நாளே வேறொரு குழுவை ஏற்பாடு செய்யுங்கள், ஏனென்றால் உங்கள் வார்த்தையை நம்பி அன்று அவர்கள் வேறெங்கும் சோறு தேடிப் போயிருக்க மாட்டார்கள்.