நன்கொடை விற்பனைக்கு வந்த பழைய நகை: கழுவும் முன் கொஞ்சம் பொறுங்கள்

நல்ல காரியத்துக்கு நிதி திரட்டப் பழைய பொருள் விற்பனை வைத்தால், புடவைக்கும் பாத்திரத்துக்கும் அடுத்தபடியாக வந்து குவிவது நகைதான். கவரிங் வளையல், ஒற்றைத் தோடு, கறுத்த கொலுசு, கல் உதிர்ந்த நெக்லஸ் எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவுக்குள் பின்னிக்கொண்டு வரும். பார்த்ததும் மொத்தத்தையும் ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடத் தோன்றும். அதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும். கழுவும் வேலை அப்புறம்; முதல் வேலை பிரிப்பது.

பிரிக்கும்போது எழும் முதல் கேள்வி, அசல் தங்கம் ஏதாவது தவறுதலாகக் கலந்திருக்கிறதா என்பது. பாட்டி காலமான பிறகு அவருடைய டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. ஹால்மார்க் இல்லை, அதனால் கவரிங்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000-இல். கட்டாயமாகத் தொடங்கியது 2021-இல். அதற்கு முந்தைய நகையில் முத்திரையே இல்லாமலும் இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பதும் உதவாது, பித்தளையும் செம்பும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. தேய்ந்த இடங்களைப் பாருங்கள்: கொக்கி, வளையம், தோட்டின் தண்டு. கவரிங் என்றால் அங்கே செம்பின் சிவப்போ பித்தளையின் வெளிர் மஞ்சளோ எட்டிப் பார்க்கும். நன்றாகத் தேய்ந்தும் நிறம் மாறாமல் இருந்தால் நகைக்கடையில் கொடுத்து, காரட் சோதிக்கும் மெஷினில் வைத்துப் பார்த்துவிடுங்கள். அசல் என்று தெரிந்தால் கொடுத்த வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். தெரிந்தே மறுபடி கொடுத்தால் சரி. தெரியாமல் கொடுத்ததை விற்று நிதி சேர்ப்பது நியாயமில்லை.

அடுத்த தவறு, சமையலறையில் இருப்பதை எல்லாம் நகையில் தேய்ப்பது. புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லவை. கவரிங் நகையில் தங்கம் என்பது மிக மெல்லிய முலாம்; அது விட்டுப்போன இடத்தில் புளிப்பு உள்ளே இறங்கி, அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். டூத்பேஸ்ட்டில் இருக்கும் நுண்ணிய துகள் முலாமைச் சுரண்டிவிடும். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், வாங்கியவர் நாலு தடவை போட்டதும் வெளுத்துவிடும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரோ ஒரு சொட்டு ஷாம்பூவோ கலந்து, மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, உடனே துடைத்து, ஃபேன் காற்றில் காயவிட்டால் போதும். அதுவும் கல் பதிக்காத கவரிங்குக்கு மட்டும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் தண்ணீர் விடுவதற்கு முன்பே டூத்பிக்கால் மெல்லச் சுரண்டி எடுங்கள்.

முத்தில் புளிப்பு படவே கூடாது. முத்தின் மேனி கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். முத்துமாலையைத் தண்ணீரில் முக்கினால் நூல் நனைந்து தளரும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அதிகமாகப் பாழாவது பரதநாட்டிய செட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விற்பனையில் நல்ல விலைக்குப் போகக்கூடியது இதுதான். அரங்கேற்றத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் புது செட் வாங்க முடியாத பெற்றோர் தேடி வருவார்கள். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளின் வழியில் வந்தவை இவை: சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல், நடுவே வெள்ளை. கல்லுக்கு அடியில் மினுமினுக்கும் தாளோ பூச்சோ இருக்கும். கல்லின் ஒளியே அதனால்தான். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால், கல்லின் ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பு படர ஆரம்பிக்கும். அதைத் திரும்ப எடுக்க முடியாது. பின்பக்கம் அரக்கு வைத்திருந்தால் வெந்நீரில் அது இளகிவிடும். அதனால் உலர்ந்த மேக்கப் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், பழைய பவுடரும் வியர்வையும் படிந்த இடத்தை மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். விழுந்த கல்லுக்குப் பதில் வைக்க, நகையையே கடைக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். பின்னால் கட்டும் கயிறு வியர்வையில் கறுத்திருந்தால் மாற்றுங்கள். செலவு சொற்பம், ஆனால் நகையே புதிதாகத் தெரியும். இன்னொன்று: நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஜிமிக்கி, ஒட்டியாணம் என்று சேர்ந்து வந்ததைத் தனித்தனியாகப் பிரித்து விற்காதீர்கள். முழு செட்டுக்குத்தான் மதிப்பு.

கல் ஒட்ட எல்லோர் கையும் போவது நொடியில் ஒட்டும் பசைக்கு. அதன் ஆவி கல்லைச் சுற்றி வெள்ளையாகப் படியும். பிடியும் ஒரு தட்டில் உடைந்துவிடும். இரண்டு டியூப் கலந்து பயன்படுத்தும் எபாக்ஸி பசைதான் சரி. குழியில் இருக்கும் பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஊசி முனையில் ஒரு புள்ளி வையுங்கள். நகை சாயாமல் இருக்க, ஒரு கிண்ணம் அரிசியில் அதைப் புதைத்து, கல் மேலே பார்க்கும்படி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

கறுத்த வெள்ளிக்கு அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் என்ற வழி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வேலைப்பாடு எடுத்துத் தெரிவதற்காக வேண்டுமென்றே கறுக்க வைத்த ஆக்சிடைஸ்டு நகையை அதில் போட்டால் அழகே போய்விடும். சுத்தம் செய்த வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் மறுபடி கறுக்க வைக்கும்.

தோட்டின் தண்டையும் திருகாணியையும் ஸ்பிரிட்டில் துடைக்காமல் மேசைக்குக் கொண்டுவரவே கூடாது. கொக்கி வகைத் தோடு என்றால் கொக்கியையே மாற்றிவிடலாம். உடைந்த மணி, கழன்ற கொலுசு மணி எதையும் குழந்தைகள் கூடையில் போடாதீர்கள். வாயில் போட்டு விழுங்கிவிடுவார்கள். மலிவான உலோகத்தில் ஈயமும் இருக்கக்கூடும்.

விலைச்சீட்டில் வெறும் விலை மட்டும் எழுதுவதும் தவறுதான். 'கவரிங், ஒரு கல் மாற்றியது, தண்ணீர் படக்கூடாது' என்று தெளிவாக எழுதுங்கள். ஒற்றைத் தோடுகளையும் உதிரி மணிகளையும் ஒரு பாட்டிலில் போட்டு, கைவேலை செய்பவர்களுக்கென்று மொத்தமாக வையுங்கள். ஜோடி தொலைத்தவர் யாராவது வந்து அதில் தேடவும் செய்வார்.